மோதிரம்னு பதிவான தாலி

உங்க மோதிரத்தை ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க தம்பி. கையை ஏன் பின்னாடி இழுக்கிறீங்க? நான் திருடன் இல்ல. திருடன் எங்கயாவது லென்ஸ் வச்சுக்கிட்டு வருவானா? அவனுக்கு முத்திரையைப் பத்தி என்ன கவலை, கிடைச்சதை எடுத்துக்கிட்டுப் போயிருவான். நான் உள்பக்கத்தைப் பாத்துட்டுத் திருப்பித் தந்துருவேன். தூக்கிட்டு ஓடலாம்னு நெனச்சாலும் என் முட்டி ஒத்துழைக்காது.

கழட்ட வரலையா? கல்யாணமாகி எத்தனை மாசம்? எட்டு மாசமா, பங்குனியிலயா? மாமனார் போட்டதுதான? அதான். மாமியார் வீட்டுச் சாப்பாடு விரல் வரைக்கும் வந்துருச்சு. பரவால்ல, மெதுவாத் திருகித் திருகி எடுங்க. ஒட்டன்சத்திரம் வரதுக்குள்ள கழண்டாப் போதும். திண்டுக்கல்லயே இன்னும் வண்டி கிளம்பல, டிரைவர் டீயை ஆத்திக்கிட்டு நிக்கிறார்.

என் பேரு தணிகாசலம். எடையளவு முத்திரை ஆய்வாளர், ரிடயர்டு. படிக்கல்லுக்கு அடியில ஒரு குழி இருக்கும், அதுல ஈயம் ஊத்தியிருக்கும், பாத்திருக்கீங்களா? அந்த ஈயத்துல முத்திரை அடிச்சது இந்தக் கைதான். முப்பத்தொரு வருஷம். இங்கேர்ந்து பழனி வரைக்கும் என் முத்திரை இல்லாம ஒருத்தன் ஒரு கிலோ கத்திரிக்கா வித்ததில்ல. வித்திருந்தா, என்னைப் பொறுத்தவரைக்கும் அது கத்திரிக்காயே இல்ல.

இந்த லென்ஸா? இது என் மக வாங்கிக் குடுத்தது. சுபாஷிணின்னு பேரு. மொதல் சம்பளத்துல அவங்க அம்மாவுக்குச் சேலை, எனக்கு இது. "இனிமே நீங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டு முத்திரை பாக்க வேண்டாம்ப்பா"ன்னு சொல்லிக் குடுத்தா. பத்து மடங்கு பெருசாக் காட்டும். சரி, அதை விடுங்க.

உங்க மோதிரத்துக்குள்ள மூணு சங்கதி இருக்கணும், கேட்டுக்கங்க. பின்னாடி உதவும். மொதல்ல ஒரு முக்கோணம், அது அரசாங்கத்தோட தர முத்திரை. பக்கத்துல 22K916. ஆயிரம் பங்குல தொள்ளாயிரத்துப் பதினாறு பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி இந்த மாதிரி. மூணாவதா ஆறு எழுத்துல ஒரு நம்பர், எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். அந்த ஆறு எழுத்து வேற எந்த நகைக்கும் வராது. நமக்கு ஆதார் மாதிரி. போன்ல ஆப்ல அடிச்சாப் போதும். எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், எந்தத் தேதி, அது வளையலா கம்மலா, எல்லாம் வந்துரும். கேடிஎம்னு போட்டிருந்தா நம்பாதீங்க. அது பத்த வைக்கிறதுல கலக்குற சாமானோட பேரு. சமையல்காரன் சாம்பாரைப் பத்திச் சொல்லாம கரண்டியைப் பத்திப் பெருமை பேசுற மாதிரி, அதைச் சொல்லியே வித்திருக்கான், நாமளும் வாங்கியிருக்கோம்.

ஆ, வண்டி கிளம்பிருச்சு. எங்க போறேன்னு கேக்கிறீங்களா? மக வீட்டுக்கு. மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை போயிருவேன். சட்டைப் பையில என்னன்னா பாக்கிறீங்க? தாலி. என் மகளோட தாலி. கூடவே இருக்கிறது அதோட ரசீது, லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன். சிரிக்காதீங்க. அந்தக் கொடுமையை நீங்களே கேளுங்க.

மாப்பிள்ளை அவளாப் பாத்தது. தினகரன், மின்வாரியத்துல வேலை. நான் ஒண்ணும் சொல்லல. அரசாங்க வேலை, அதுக்கு மேல என்ன முத்திரை வேணும். அப்பா இல்லாத பையன், அம்மா மரகதம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல முருங்கைக்கா வியாபாரம். அந்தம்மாவை எனக்கு ஏற்கனவே தெரியும். அவங்க தராசுல இருக்கிறது நான் போட்ட முத்திரை. தராசு சரியாத்தான் இருக்கும். ஆனா அந்தம்மா எடை போட்டா தட்டு எப்பவும் காய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும், ஒரு காய் ரெண்டு காய் கூடவே விழும். நான் ஒரு தடவ சொன்னேன், "இந்தாம்மா, கூடவும் கூடாது, குறையவும் கூடாது, அதுதான் எடை"ன்னு. "அள்ளிப் போட்டா என்ன சார், நானா காய்க்க வச்சேன்"னாங்க. பாத்துக்கங்க, இதுதான் அவங்க ஒழுங்கு.

நிச்சயத்துக்குப் போனோம். அந்தம்மா காதுல வேப்பங்குச்சி. ஆமா தம்பி, ரெண்டு காதுலயும் ஓட்டை தூர்ந்துறாம இருக்க ஒடிச்சுச் சொருகின குச்சி. சம்பந்தியம்மா, ஒரு நல்ல நாளு, காதுல வேப்பங்குச்சி. என் தங்கச்சி வீட்டுக்காரர் என் காதுல, "மச்சான், நகைக்கடை மாதிரி இல்ல, நர்சரி மாதிரி இருக்கு"ன்னார். நான் சிரிக்கல. மனசுக்குள்ள சிரிச்சேன், அது கணக்கில்ல.

அப்புறம் தட்டுல தாலியைக் கொண்டாந்து காட்டினாங்க. மாப்பிள்ளை வீட்டுலதான் தாலி, அது முறை. நாலு கிராம். அவங்க வழக்கப்படி நல்ல நாள் பாத்து ஆசாரியை வீட்டுக்கே வரச் சொல்லி, பொன்னுருக்கி, அங்கேயே செஞ்சிருக்காங்க. எந்தப் பொன்னுன்னு கேட்டேன். அந்தம்மா காதைத் தொட்டுக் காட்டினாங்க. அவங்க அப்பா போட்ட ஏழுகல் கம்மலாம். கல்லைப் பிரிச்சு ஒரு டப்பாவுல வச்சுட்டு, தங்கத்தை உருக்கிட்டாங்களாம். "நான் சாகுற வரைக்கும் போட்டிருக்கிறதுக்கு, வர்ற புள்ள கழுத்துல கிடக்கட்டுமேண்ணே"ன்னாங்க. சுபா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி வேற.

எல்லாம் சரி. நான் லென்ஸை எடுத்தேன். முன்னாடி பாத்தேன், பின்னாடி பாத்தேன். மொழுக்குன்னு இருக்கு. முக்கோணம் இல்ல, நம்பர் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. "சம்பந்தியம்மா, முத்திரை எங்க?"ன்னு கேட்டேன். அந்தம்மா, "வீட்டுல செஞ்சதுக்கு எதுக்குண்ணே முத்திரை, என் கண்ணு முன்னாடிதான உருக்கினாரு"ன்னாங்க. நான் விடல. "பெத்த தாயோட தங்கமா இருந்தாலும் தட்டான் துளி மாப்பொன் எடுப்பான்னு பழமொழியே இருக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். பத்து நாள் எங்கிட்டக் குடுங்க, முத்திரை போட்டுக் கொண்டாந்துர்றேன்"னேன். என் வீட்டுக்காரி வசந்தா என் தொடையில கிள்ளினா. முப்பது வருஷமாக் கிள்றா, தோல் மரத்துப் போச்சு.

மாப்பிள்ளை முகம் செவந்துருச்சு. அந்தம்மாதான் அவரை அடக்கிட்டு, தாலியை மஞ்சத் துணியில முடிஞ்சு என் கையில குடுத்தாங்க. "எடுத்துட்டுப் போங்கண்ணே. உங்க மனசு நெறையணும். முகூர்த்தத்துக்குள்ள வந்துரணும்"னாங்க. நியாயமான பேச்சு. நான் தை கடைசி ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்கு மொத நாளே வந்துரும்னு வாக்குக் குடுத்தேன்.

சோதனை மையத்துக்குத் தனி ஆள் நகையைக் கொண்டு போனா, சோதிச்சுச் சொல்லுவாங்க, முத்திரை போட மாட்டாங்க. பதிவு பண்ணின கடைதான் அனுப்பணும். அது சட்டம். நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, பேரு எதுக்கு. அவர் தராசுக்கெல்லாம் நான்தான் முத்திரை போட்டது. அவர் கடைச் சரக்குன்னு எழுதித் தாலியை அனுப்பினார். இது பொய் இல்ல தம்பி, நடைமுறை. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு, சர்வீஸ்ல இருந்தாத்தான் தெரியும்.

சோதனையில என்ன வந்துச்சு தெரியுமா? ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து முப்பது. கேட்டதுக்கு மேல. பழைய காலத்துக் கம்மல், ஆசாரியும் கை வைக்கல போலிருக்கு. கடைக்காரர் என்னமோ பெருசா, "சொக்கத் தங்கம் சார்"னு சந்தோஷப்பட்டார். எனக்கு அதுவே உறுத்துச்சு. அந்தம்மா தராசு மாதிரியே, தங்கத்துலயும் தட்டு தாழ்ந்து கிடக்கு. இருந்தாலும் முத்திரை விழுந்துருச்சு. மூணும் இருக்கு, லென்ஸ்ல பாத்தேன், முத்து முத்தா. கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அத்தோட விட்டிருக்கலாம்.

ஆனா ஆப்ல அடிச்சுப் பாக்கணுமா இல்லையா? அடிச்சேன். கடை சரி, மையம் சரி, தேதி சரி. என்ன நகைங்கிற எடத்துல மோதிரம்னு போட்டிருக்கு.

மோதிரம் தம்பி. மாப்பிள்ளை என் மக கழுத்துல மோதிரத்தையா கட்டுவார்? கெட்டி மேளம் கொட்டி, ஊரைக் கூட்டி, மோதிரத்துக்கா அட்சதை போடுறது? நாளைக்கு ஒருத்தன் ஆப்ல பாத்துட்டு, இது தாலியே இல்ல, ஆதாரம் இருக்குன்னா என்ன பண்றது? யார் பாப்பான்னா கேக்கிறீங்க? நான் பாத்தனா இல்லையா? முத்திரைங்கிறது பாக்கிறவனுக்காகப் போடுறது. வியாழக்கிழமை காலையில கடைக்குப் போய்த் திருத்திக் குடுங்கன்னு திருப்பிக் குடுத்துட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிஞ்சார். "சார், கல்யாணத்தை வச்சுக்கிட்டு இது வேணுமா?"ன்னார். வேணும்னேன். "சரி விடுங்க, சனிக்கிழமை சாயங்காலம் வாங்க, நான் பாத்துக்கறேன்"னார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனா, மையத்துல சர்வர் படுத்துருச்சாம். திங்கக்கிழமைதான் வருமாம். சர்வர் படுக்கிறதுக்கு நானா பொறுப்பு? நீங்களே சொல்லுங்க.

மண்டபத்துல அந்தம்மா காலையிலேர்ந்து மூணு தடவ கேட்டாங்க. "அண்ணே, திருமாங்கல்யம்?" வந்துக்கிட்டு இருக்குன்னேன். அதுவும் பொய் இல்ல, வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அய்யர் தேங்காத் தட்டுல மஞ்சக் கயித்தை மட்டும் வச்சுட்டு என்னைப் பாக்கிறார். அப்பத்தான் அந்தம்மாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், திங்கக்கிழமை கண்டிப்பாக் கிடைச்சுரும்னு. அந்தம்மா கேட்டாங்க, "முகூர்த்தம் திங்கக்கிழமையாண்ணே?"

கத்தியிருந்தாக் கூடப் பரவால்ல. கத்தல. நேரா சமையல்கட்டுக்குப் போனாங்க. ஒரு விரலி மஞ்சளை எடுத்துக் கழுவி, முந்தானையில தொடச்சு, அந்தக் கயித்துல கட்டித் தட்டுல வச்சாங்க. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாங்க. மாப்பிள்ளை கட்டினார். மணையில உக்காந்திருந்த என் மக தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பாத்தா. நான் அட்சதை போடவே மறந்துட்டேன்.

மஞ்சளாம். மஞ்சள்ல எவ்வளவு கலப்படம் நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? அதுக்கு ஏதாவது நம்பர் உண்டா?

திங்கக்கிழமை போய் வாங்கினேன். இந்தாங்க, இதான். பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. இப்ப ஆப்ல அடிச்சா மோதிரம்னு வராது, பதக்கம்னு வரும். தாலின்னே ஒரு எடம் அதுல இல்லையாம், பதக்கத்துலதான் சேரும்னார். சரின்னேன். கழுத்துல தொங்குறது, அதுவரைக்கும் பொருந்துது. ஒருக்கா பதிஞ்சதைத் திருத்த முடியாதாம். அதனால கடைக்காரர் என்ன பண்ணினார், வியாழக்கிழமையே பழைய தாலியை மத்த சரக்கோட சேத்து உருக்கிட்டு, அதே அச்சுல, அதே எடையில, வேற தங்கத்துல புதுசா ஒண்ணு செஞ்சு புது நம்பர் வாங்கிட்டார். நாலு கிராம், ஒரு மில்லி குறையல. சோதனையிலயும் கரெக்டா தொள்ளாயிரத்துப் பதினாறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேலைன்னா இது வேலை.

மூணாம் மாசம், சித்திரையில, தாலி பிரிச்சுக் கோக்கிற விசேஷம். கயித்துல இருக்கிறதைப் பிரிச்சுத் தங்கச் செயின்ல கோப்பாங்கல்ல, அதுக்குப் போனோம். நான் இதைத் தாம்பாளத்துல வச்சு, பக்கத்துல ரசீதையும் வச்சு நீட்டினேன். எல்லாரும் பாக்கணும்னு கடைக்காரர் செஞ்ச வேலையையும் வெளக்கிச் சொன்னேன். என் மக கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "அப்பா, அத்தையோட கம்மல் எங்க?"

"அதான் சொன்னனேம்மா. உருக்கியாச்சு. இது அதுக்குப் பதிலா."

"இதுல அத்தை கம்மல்னு எங்க எழுதியிருக்கு?"

"அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. கடை பேரு இருக்கு பாரு."

"அப்ப இது அந்தக் கடைக்காரர் தாலிப்பா"ன்னா.

அந்தம்மா நடுவுல வந்து, "பரவால்ல தாயி, அப்பா ஆசையாக் கொண்டாந்திருக்காரு, வாங்கிக்க"ன்னாங்க. காதுல அப்பவும் குச்சிதான். சுபா வாங்கல. "அத்தை கம்மலைக் கொண்டாங்கப்பா, அன்னிக்குக் கட்டிக்கறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அதுலேர்ந்து மாசம் ஒரு மஞ்சள். சுருங்கினா வேற மாத்திக்கிறா. தங்கம் தங்கம்தானப்பா, இதுல அந்தக் கம்மல் இந்தக் கம்மல்னு என்ன இருக்கு? படிச்ச புள்ள பேசுற பேச்சா?

இப்ப நான் போன் பண்ணினா, "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேப்பா. கேட்டுட்டு, "அம்மாகிட்டக் குடுங்க"ன்னுருவா. முன்னாடியெல்லாம் அப்படி இல்ல தம்பி. ஆபீஸ்லேர்ந்து வந்தா செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அன்னிக்கு நடந்ததெல்லாம் எங்கிட்டச் சொல்லிருவா. அவங்க அம்மாகிட்டச் சொல்றதுக்கு மிச்சமே இருக்காது. எனக்கு இது தாங்க முடியல. தப்பு பண்ணினவன் தலை குனிஞ்சா அதுல ஒரு நியாயம் இருக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்?

சித்திரை முடிஞ்சு கடைக்காரரைப் போய்ப் பாத்தேன். அந்தக் கம்மல் தங்கம் எங்க போச்சுன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "அன்னிக்கு உருக்கினது ஒரே சட்டி சார். அதுல முப்பது மோதிரம், கொஞ்சம் தோடு. ஒரு வாரத்துக்குள்ளயே முத்திரைக்குப் போய் வித்தும் போச்சு. ஊர்ல யார் விரல்லயோ, யார் காதுலயோ இருக்கும்"னார். அவர் விளையாட்டாச் சொன்னார். நான் முப்பத்தொரு வருஷம் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை பாத்தவன். நம்பர் இருக்கு, தேதி இருக்கு, கடை பேரு இருக்கு. இவ்வளவு இருந்தும் கண்டுபிடிக்க முடியலைன்னா அப்புறம் முத்திரை எதுக்கு?

இதுவரைக்கும் அறுபத்திமூணு நகை பாத்துட்டேன். கல்யாண வீடு, பேங்க் கியூ, பஸ்ஸு. பழனியில ஒருத்தர் போலீசைக் கூப்பிட்டுட்டார். அந்த ஏட்டய்யா மோதிரத்தையும் பாத்தேன், அது வேற கடை. வசந்தா சொல்றா, "ஊர்ல இருக்கிறவங்க காதையெல்லாம் பாக்கிறீங்களே, அன்னிக்கு அந்தம்மா காதை ஒருக்கா ஒழுங்காப் பாத்திருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா"ன்னு. அவளுக்கு நடைமுறை தெரியாது, விடுங்க.

கழண்டுருச்சா? குடுங்க, குடுங்க. வெளிச்சம் இந்தப் பக்கம் வரட்டும், கொஞ்சம் தலையை நகத்துங்க. முக்கோணம் இருக்கு. தொள்ளாயிரத்துப் பதினாறு. நம்பர்... உங்க போனை எடுங்க தம்பி, நான் சொல்லச் சொல்ல அடிங்க. என் போன்ல எழுத்துப் பெருசா வச்சதுல பாதி வெளிய போயிருது. அடிச்சாச்சா? மோதிரம்னு இருக்கா? சரி, இது மோதிரம்தான், தப்பில்ல. கடை பேரு என்ன போட்டிருக்கு, படிங்க.

இன்னொரு தடவ படிங்க.

தேதி?

தை கடைசி ஞாயிறு கல்யாணம். அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இது. இல்ல தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். கடை அதுதான், வாரம் அதுதான், மோதிரமும்தான். முப்பதுல ஒண்ணு. இதுக்குள்ள அந்தம்மா கம்மல் எவ்வளவு இருக்குன்னு ஆப்ல வராதா? கீழ தள்ளிப் பாருங்க. அவ்வளவுதானா. இதுக்குக் கீழ வேற ஒண்ணும் இல்லையா?

சரி, இந்தாங்க, போட்டுக்கங்க. உங்க மாமனார் ஆசையாப் போட்டது, அதைக் குடுங்கன்னு கேக்க எனக்கு எந்த உரிமையும் இல்ல. நான் அப்படிப்பட்டவனும் இல்ல. நீங்க எங்க போகணும், பழனிக்கா? அவசர வேலையா? ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து என் மக வீடு அஞ்சு நிமிஷ நடைதான். அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன். ஒரு வாய்க் காப்பி குடிச்சுட்டுப் போயிரலாம். கழட்டக்கூட வேண்டாம் தம்பி. விரலோட வந்தாப் போதும்.